காத்திருப்போர் குழு

செட்டோ எங்கள் ஆய்வில் வந்து சேர்ந்தபோது, அவர் ரிச்மண்டை விட்டு வெளியே போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ரிச்மண்ட், கனடாவில் வான்கூவரை ஒட்டி ஆற்றுக்கு நடுவே கிடக்கும் தீவு. எந்தத் திசையில் போனாலும் ஒரு பாலமோ சுரங்கப் பாதையோ குறுக்கே வரும். ஆனால் மீன், கீரை, பல் டாக்டர், முடி வெட்டுகிறவர், கான்டனீஸ் பேசும் வக்கீல் எல்லாம் தீவுக்குள்ளேயே இருப்பதால், ஒருவர் வெளியே போவதில்லை என்பது சுலபத்தில் யார் கண்ணிலும் படாது.

அவர் ஹாங்காங்கில் வாழ்நாளில் பாதியை இரட்டை மாடி பஸ் ஓட்டிக் கழித்தவர். புயல் எச்சரிக்கை ஏற்றிய நாட்களில்கூட மலைச்சாலையில் கடைசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர். இங்கே குடியேறிய பிறகு, சோயாப் பாலிலிருந்து டோஃபு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேன் ஓட்டினார். ஒரு மழை நாளில், வான்கூவர் போகும் பாலத்தின் நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னே எங்கோ விபத்து. நகரவும் முடியாது, திரும்பவும் முடியாது. அப்போதுதான் நெஞ்சை யாரோ துணி பிழிவது மாதிரி முறுக்கியது. விரல்கள் மரத்துப் போயின. இதோ சாகப்போகிறோம் என்று வேனை அப்படியே விட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூலிகை வைத்தியர் கல்லீரலில் வாயு கட்டியிருக்கிறது என்று கசப்புக் கஷாயம் கொடுத்தார். செட்டோ இரண்டையும் நம்பினார். ஆனால் அடுத்த வாரம் பாலம் கண்ணில் பட்டதுமே விரல் மரத்தது. வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, தொழிற்சாலைக்குள்ளேயே டோஃபு கட்டிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். கேட்டவர்களிடம் “நெஞ்சு கொஞ்சம் அடைக்குது” என்பார். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அவரை எங்களிடம் கொண்டுவந்தது ஒரு சுவரொட்டி. நான் அப்போது டாக்டர் பாங் நடத்திய ஆய்வில் உதவியாளர். சீனக் குடும்பங்களில் மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்குக் கான்டனீஸில் குழுவாகப் பேசித் தரும் சிகிச்சை எவ்வளவு பயன்படுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. முதலில் ஒட்டிய சுவரொட்டியில் ‘மனச்சோர்வா? பதற்றமா?’ என்று போட்டிருந்தோம். ஒரு மாதம் போன் சத்தமே இல்லை. மால் உணவுக்கூடத்தில் அந்தச் சுவரொட்டிக்குக் கீழே இருந்த மேசையில்கூட யாரும் உட்காரவில்லை. பிறகு டாக்டர் பாங் வாசகத்தை மாற்றினார். ‘தூக்கம் சரியில்லையா? நெஞ்சு அடைக்கிறதா? தலை பாரமா?’ அன்று மாலையே போன் அடிக்க ஆரம்பித்தது.

“எனக்கு நெஞ்சு அடைக்குது. படிச்சேன். வந்தேன்” என்றார் செட்டோ, என் எதிரே உட்கார்ந்து.

ஆய்வின் முறையை அவருக்கு விளக்கினேன். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போதே சிகிச்சை. மீதிப் பேர் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும், அதன்பின் அவர்களுக்கும் அதே சிகிச்சை. சிலர் ஒன்றும் செய்யாமலே தேறிவிடுவார்கள். அதையும் சிகிச்சையால் தேறுவதையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. நடுவில் யாருக்காவது மோசமானால் காத்திருக்க வைக்காமல் உடனே டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். யார் எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

அவர் பெயர் காத்திருப்போர் குழுவில் விழுந்தது.

“அப்போ நான் தோத்துட்டேன்.”

“தோக்கல மாமா. உங்க முறை கொஞ்சம் தள்ளி வருது, அவ்வளவுதான்.”

“இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து லாட்டரி வாங்குறேன், ஒண்ணும் விழல. இப்போ உங்க கம்ப்யூட்டருக்கும் என்னைப் புடிக்கல.”

காத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை சமூகக் கூடத்துக்கு வந்து என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். என் அறை சின்னது. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மால் சுவரொட்டிக்கு நடந்த கதைதான்.

இரண்டாவது மாதம் கான் வாத்தியார் தாமதமாக வந்தார். தென்சீனத்துத் தைஷானில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்ற எண்ணம் அவரைப் பாதி வழியில் பிடித்து இழுத்துத் திரும்பக் கொண்டுபோய் விடும். பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தே அவர் மெலிந்துபோயிருந்தார். அன்று நடைவழியில் மூச்சிரைக்க உட்கார்ந்து, யாரும் கேட்காமலே காரணத்தைச் சொன்னார்.

கதவு மெல்லியது. எனக்கு எல்லாம் கேட்டது.

“வாத்தியாரே, இன்னிக்கு எத்தனை தடவை திரும்பிப் போனீங்க?” என்றார் செட்டோ.

“ரெண்டுதான்.”

“அப்போ தேறிட்டீங்க. எதுக்கு வந்தீங்க? எடத்தை எனக்குக் கொடுத்துட்டுப் போங்க.”

அப்போது ஒரு பெண் குரல். “கேஸ் அடுப்பைத் தூக்கிப் போட்டுட்டு கரண்ட் அடுப்பு வாங்கிடுங்களேன்.”

“வாங்கிட்டேம்மா. இப்போ ப்ளக்கைப் பார்க்கத் திரும்பிப் போறேன்.”

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் குரல் லாய்-கிங்குடையது என்பதில்தான் எனக்கு ஆச்சரியம். ஐம்பத்தைந்து வயது. கணவர் சீனாவில், ஷென்ஜெனில் தொழில் பார்க்கிறார், சீனப் புத்தாண்டுக்கு மட்டும் வருவார். மகன் கால்கரிக்கு வேலைக்குப் போய்விட்டான். உதட்டுச் சாயம் கலையாமல் வந்து உட்காருவார், என் கேள்வி எல்லாவற்றுக்கும் “பரவாயில்ல, தலைதான் பாரமா இருக்கு” என்ற ஒரே பதிலைச் சொல்வார். மத்தியானம் வரை படுக்கையிலேயே கிடக்கிறார் என்பதையும், எங்களிடம் வரும் நாளில் மட்டும்தான் உடை மாற்றுகிறார் என்பதையும் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆன்ட்டி என்று கூப்பிட்டபோது, “அக்கான்னு கூப்பிடு, போதும்” என்றார்.

அன்று கேள்விகள் முடிந்ததும் மூவரும் சேர்ந்தே கீழே இறங்கிப் போனார்கள். எதிர்ச்சாரியில் ஒரு கஞ்சிக் கடை. பன்றி இறைச்சியும் பதப்படுத்திக் கறுத்த வாத்து முட்டையும் போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி. அடுத்த வாரமும் போனார்கள். அதற்கு யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை. கோடை வருவதற்குள் அது வியாழக்கிழமை வழக்கமாகி, காத்திருப்போர் குழுவில் பாதிக்கு மேல் அங்கே வர ஆரம்பித்து, கடைக்காரர் இரண்டு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட வேண்டியதாயிற்று. சங்கத்துக்கு ‘தோத்தவங்க’ என்று பேர் வைத்தது செட்டோதான்.

இதை நான் டாக்டர் பாங்கிடம் அந்த மாதமே சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“கஞ்சி குடிக்கக் கூடாதுன்னு நம்ம விதிகள்ல இருக்கா?”

“இல்ல டாக்டர்.”

“அப்போ குடிக்கட்டும். நீ மட்டும் கூடப் போய் உட்காராதே.”

ஜூலையில் செட்டோவின் மகள் கா-யான், ஆற்றுக்கு அக்கரையில் பர்னபியில் பெண் குழந்தை பெற்றாள். அவர் மனைவி முன்னதாகவே அங்கே போய், பத்தியத்துக்கு இஞ்சியும் புளிக்காடியும் போட்டுப் பன்றிக்கால் சமைத்துக்கொண்டிருந்தார். செட்டோ இங்கே தனியாக நூடுல்ஸ் கொதிக்க வைத்துச் சாப்பிட்டார். பேத்தியை போனில்தான் பார்த்தார். மாதம் நிறைந்ததும் விருந்து, வருகிறவர்களுக்குச் சாயம் ஏற்றிய சிவப்பு முட்டை கொடுக்க அப்பா வந்தே ஆக வேண்டும் என்று மகள் சொன்னாள். முட்டி வலிக்கிறது, பார்க்கலாம் என்றார்.

கஞ்சி மேசையில் அதையே சொன்னபோது லாய்-கிங் விடவில்லை.

“எந்த முட்டி செட்டோ அண்ணே?”

“இடது.”

“போன வாரம் வலதுன்னு சொன்னீங்க.”

“ரெண்டும்தான்.”

“ரெண்டு முட்டியும் வலிக்கிறவர்தான் இப்போ பஸ்ஸைப் புடிக்க ஓடி வந்தீங்களா?”

அவர் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, “பாலம்” என்றார். “பாலத்துல ஏற முடியல. பயமா இருக்கு.”

லாய்-கிங் அவர் கோப்பையில் தேநீர் ஊற்றினார். அவர் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னார். கான் வாத்தியார் கேட்டார்.

“அது எவ்வளவு நீளம் இருக்கும்?”

“அதைத் தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?”

“நீளம் தெரிஞ்சா நேரம் தெரியும். நேரம் தெரிஞ்சா எண்ணிக்கிட்டே இருக்கலாம். நான் அப்படித்தான் பண்ணுவேன்.”

“நீங்க எண்ணி எண்ணித்தான் இப்படி ஆனீங்க வாத்தியாரே.”

காரில் போனால் வண்டிகள் நடுவில் நின்றுவிடலாம், ரயில் நிற்காது என்று லாய்-கிங் முடிவு செய்தார். எங்கள் ஊர் ரயில் தூண்களின் மேலே ஓடும். தீவின் கடைசி நிலையம் பிரிட்ஜ்போர்ட். அதைத் தாண்டியதும் ஆற்றின் மேல் பாலம், அக்கரையில் அடுத்த நிலையம். மூன்று பேரும் ஒருநாள் காலையில் கிளம்பினார்கள். காலையில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். லாய்-கிங் அதற்காக அலாரம் வைத்து எழுந்திருந்தார். நடந்ததை மூவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார்கள்.

பிரிட்ஜ்போர்ட்டில் கதவு திறந்ததும் செட்டோ இறங்கிவிட்டார். லாய்-கிங் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே கூட இறங்கினார். கான் வாத்தியார் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. கதவு மூடியது. கண்ணாடிக்கு உள்ளே கையை ஆட்டிக்கொண்டே வாத்தியார் பாலத்தின் மேல் போய்விட்டார்.

இருவரும் பதறிப்போனார்கள். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்கே தவிக்கிற மனிதர், அக்கரையில் தனியாக என்ன ஆவாரோ. செட்டோ போன் செய்தார், எடுக்கவில்லை. நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் கழித்து எதிர்த்திசை ரயிலிலிருந்து வாத்தியார் கையில் பாதி தின்ற அன்னாசி பன்னோடு இறங்கி வந்தார்.

“அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்றார் செட்டோ.

“ஒண்ணுமில்ல. அங்கேயும் மழைதான். பன் மட்டும் இங்க விட நல்லா இருக்கு.” மீதியை நீட்டினார். அப்புறம் திடீரென்று நின்றார். “அடுப்பு ஞாபகமே வரல.”

“இப்போ வந்துடுச்சே.”

“ஆமா. இப்போ வந்துடுச்சு.”

அடுத்த தடவை செட்டோ ரயில் மேல் பழியைப் போட்டார். அந்த ரயிலுக்கு டிரைவர் கிடையாது, தானாகவே ஓடும். “டிரைவர் இல்லாத வண்டியில எவன் நம்பி ஏறுவான்? பிரேக் யார் கையில இருக்கு? அவசரம்னா யார்கிட்ட சொல்றது?” என்று பிளாட்பாரத்தில் நின்று வாதாடினார். முழுக்க விளையாட்டுப் பேச்சு இல்லை. முகம் வெளுத்திருந்தது.

“அப்போ நீங்களே ஓட்டுங்க” என்றார் லாய்-கிங்.

டிரைவர் இல்லாததால் அந்த ரயிலின் முகப்பில் பெரிய கண்ணாடியும் அதை ஒட்டி இரண்டு இருக்கைகளும் உண்டு. எப்போதும் குழந்தைகள்தான் அதற்குப் போட்டி போடும். லாய்-கிங் ஒரு தாயிடம் போய் ஏதோ சொல்லி, அவள் பையனை மடியில் எடுத்துக்கொள்ள, செட்டோவை அங்கே உட்கார வைத்தார். தண்டவாளம் நேராக அவர் காலடியிலிருந்து புறப்பட்டு ஆற்றை நோக்கிப் போனது.

“கிளம்பலாமா?” என்றார் பக்கத்தில் நின்ற வாத்தியார்.

ரயில் பாலத்தில் ஏறியபோது செட்டோவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பிரேக் இருக்க வேண்டிய இடத்தில். இரண்டு கைகளும் தொடையின் மேல் ஒரு பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி அகன்று இருந்தன. கழுத்து வழியாக வியர்வை இறங்கியது. விரல் மரத்தது, நெஞ்சும் முறுக்கியது. எல்லாம் வந்தது, அவர் அதை மறைக்கவில்லை. ஆனால் பாதையில் கண் இருந்தது. எதிரே வருகிற ரயிலைப் பார்த்து, இடது பக்கம் இடைவெளியைப் பார்த்து, வேகத்தை மனதுக்குள் குறைத்துக் கூட்டிக்கொண்டே போனார். அக்கரை வந்தது. கதவு திறந்ததும் பழைய குரலில், ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி, “எல்லாரும் பார்த்து இறங்குங்க, படி வழுக்கும்” என்றார். படியே இல்லாத ரயில். மடியில் இருந்த பையன் கைதட்டினான்.

இறங்கி பிளாட்பாரத்துச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றார். பிறகு மூவரும் பன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகும் பலமுறை போனார்கள். ஒருநாள் நன்றாகப் போகும், இன்னொரு நாள் பிரிட்ஜ்போர்ட்டிலேயே இறங்கிவிடுவார். விருந்தன்று காலை மூவருமாக ரயில் மாறி பர்னபி போய்ச் சேர்ந்தார்கள். செட்டோ பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் மனைவி லாய்-கிங்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவரை எப்படிங்க கூட்டிட்டு வந்தீங்க? நான் மூணு வருஷமா கெஞ்சுறேன்” என்றார்.

“நாங்க கூட்டிட்டு வரல அண்ணி. அவர்தான் எங்களை ஓட்டிட்டு வந்தார்.”

வாத்தியார் சிவப்பு முட்டையை உரிக்க மனமில்லாமல் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

செப்டம்பரில் கணக்குப் பார்த்தோம். சிகிச்சை பெற்றவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறியிருந்தார்கள். டாக்டர் பாங் திரையை என் பக்கம் திருப்பினார்.

“பாரு. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கு.”

“இது கெட்ட செய்தியா டாக்டர்?”

“நிதி கொடுத்தவங்களுக்குக் கெட்ட செய்தி. சிகிச்சை பயன்படலைன்னு எடுத்துக்குவாங்க.” கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். “உடம்பு சரியாயிடுச்சேன்னு யார் மேலயாவது கோபப்பட முடியுமா? எனக்கு இப்போ கோபம் வருது யீ-மன். நாளைக்குப் போயிடும்.”

மறுநாள் உண்மையிலேயே போய்விட்டது. வியாழக்கிழமை அவரே கஞ்சிக் கடைக்குப் போனார், இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு. எது உங்களுக்கு உதவியது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். டாக்டர் பாங்கின் கான்டனீஸ் இங்கே பிறந்தவர்களின் கான்டனீஸ். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது சரளமாக வரும், நோய் என்று வந்தால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். அவர் கேள்வியைப் பாதிப் பேர் புரிந்துகொள்ளவில்லை.

“டாக்டரம்மா, எங்களால உங்களுக்கு ஏதாவது கெடுதலா?” என்றார் செட்டோ.

“கொஞ்சம்.”

“அப்போ இன்னொரு கிண்ணம் குடிங்க.”

அவர் குடித்தார். ஆய்வுக் கட்டுரையில் இரண்டு கோடுகளையும் உள்ளது உள்ளபடி போட்டு, காத்திருந்தவர்கள் தாங்களே கூடிக்கொண்டார்கள் என்பதையும் எழுதினார். பெரிய ஆய்விதழ் எதுவும் அதை ஏற்கவில்லை. சின்னதாக ஒன்று ஏற்றுக்கொண்டது.

சொன்ன சொல்படி காத்திருந்தவர்களுக்குச் சிகிச்சை ஆரம்பித்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. செட்டோவுக்குப் பாலம் குறைந்திருந்தது, வாத்தியாருக்கு அடுப்பு குறைந்திருந்தது. லாய்-கிங்குக்கு மட்டும் வியாழக்கிழமை தவிர்த்த நாட்கள் அப்படியேதான் இருந்தன. மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகும் வேலை இருந்தவரை எழுந்திருந்தார். விருந்து முடிந்ததும் அலாரத்தை நிறுத்திவிட்டார். தோழமை தொடாத ஏதோ அங்கே இருந்தது.

குழுவின் மூன்றாவது கூட்டத்தில், சிகிச்சை நடத்தும் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டார். காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன தோன்றும்? லாய்-கிங், “தலை பாரமா இருக்கும்” என்று ஆரம்பித்தார். பிறகு, “தலை இல்ல. எழுந்து யாருக்கு என்ன பண்ணப் போறோம்னு இருக்கும்” என்றார். அழுதார். உதட்டுச் சாயம் கன்னத்தில் இழுபட்டது. யாரும் ஆறுதல் சொல்லி அவரை நிறுத்த முயலவில்லை. வாத்தியார் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். செட்டோ தன் நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் பாங் அவரைத் தனியாகப் பார்த்து ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிகிச்சை நடத்தும் பெண் காலைகளுக்கு ஒரு திட்டம் போட்டுத் தந்தார், மிகச் சின்னதாக. முதல் வாரம் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினால் போதும். இரண்டாம் வாரம் ஒரு கோப்பைத் தேநீர். லாய்-கிங் அதைப் பார்த்துச் சிரித்தார், “கிண்டர்கார்டன் மாதிரி இருக்கு” என்றார், ஆனால் செய்தார். நவம்பரில் ஆற்றங்கரை மண்மேட்டில் காலையில் நடப்பவர்களோடு அவரைப் பார்த்ததாக என் அம்மா சொன்னார்.

அந்த மாதம் கடைசிக் கேள்விகளுக்காக என் அறைக்கு வந்தவர், எல்லாம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“உங்க வீட்டுக்காரர்கிட்டயா? என்னன்னுக்கா?”

“உடம்பு சரியில்லன்னு சொன்னேன். எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. உடம்புல இல்ல, மனசுலன்னேன். லைன்ல சத்தமே இல்ல. கட் ஆயிடுச்சோன்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“மாத்திரை உண்டான்னு கேட்டாரு. உண்டுன்னேன். வேளாவேளைக்குப் போட்டுக்கோன்னாரு.” கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். “அப்புறம், எனக்கும் இங்க ராத்திரியில தூக்கம் வர்றதில்லன்னாரு. இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா அதைச் சொல்றாரு. ஒரு மணி நேரம் பேசினோம். புத்தாண்டுக்கு முன்னாடியே வர்றாராம், டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்காரு.”

“நல்லது அக்கா” என்றேன்.

“நல்லதுதான். வீட்டைச் சுத்தம் பண்ணணும், படுக்கையறைத் திரையை மாத்தணும், நிறைய வேலை இருக்கு” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கதவருகே நின்று திரும்பி, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “அப்போ வா, வீட்டுல தாமரைக் கிழங்கு சூப் வச்சிருக்கேன். உங்க கேள்வியெல்லாம்தான் முடிஞ்சுபோச்சே, இனிமே கூட உட்காரலாமில்ல?”

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவரோடு போனேன்.